நுகர்வோர் வழக்கு: கட்டணம் எவ்வளவு, செலவு எவ்வளவு?

வகுப்பில் நுகர்வோர் உரிமைகள் பற்றிய பாடத்தை நடத்தும்போது, "கேஸ் போட நிறையப் பணம் ஆகுமா சார்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார். ஆசிரியர் அறையிலும் இதே தயக்கம்தான். 32,000 ரூபாய்க்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டி நான்கே மாதத்தில் பழுதானாலும், வழக்குக்குப் போனால் அதைவிட அதிகம் செலவாகும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தவர் குறைவு.

முதலில் கட்டணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்தே வழக்கின் மதிப்பைக் கணக்கிட்டார்கள். இப்போது கொடுத்த விலை மட்டுமே கணக்கு. ஆகவே, மேற்சொன்ன பெட்டிக்காக மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய் சேர்த்துக் கேட்டாலும் கட்டணம் இல்லைதான்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? புகார் மனு தட்டச்சு, பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி கையொப்பம், ஆணையத்துக்கும் ஒவ்வொரு எதிர்த்தரப்புக்கும் தனித்தனியாக ஜெராக்ஸ் படிகள், அறிவிப்பு அனுப்பும் அஞ்சல் செலவு. விற்ற கடை, தயாரித்த நிறுவனம் என இருவரைச் சேர்த்தால் படிகளும் கூடும். ஆனாலும் இவை நாம் தாங்கக்கூடிய தொகைதான்.

பெரிய செலவு வழக்கறிஞர் கட்டணம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் கட்டாயமில்லை, நாமே வாதாடலாம். பில், உத்தரவாத அட்டை, சேவை மையத்தின் ஜாப் கார்டு, அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கத் தெரிந்தவருக்குப் புகார் எழுதுவது கடினமான வேலை அல்ல. பாடக்குறிப்பு எழுதும் நமக்கு அது பழகிய வேலையும்கூட. வழக்கறிஞர் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். ஆசிரியைகள் எல்லோரும் இதில் அடக்கம் என்பது பலருக்கும் தெரியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். தொலைபேசி எண் 15100.

எதிர்பாராமல் வரக்கூடிய ஒரு செலவு ஆய்வகக் கட்டணம். பழுதைப் பரிசோதிக்காமல் முடிவு செய்ய இயலாது என்று ஆணையம் கருதினால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் கட்ட வேண்டும். சேவை மையத்தினர் ஜாப் கார்டிலேயே பழுதை எழுதிக் கொடுத்திருந்தால் இந்தத் தேவை பெரும்பாலும் எழாது. பழுது பார்க்க வருபவரிடம் எழுத்து மூலம் வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எனினும் நமக்கு உண்மையில் வலிக்கும் செலவு பணம் அல்ல, நாள்கள். ஆய்வகப் பரிசோதனை தேவைப்படாத புகாரை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாவாக அதைவிட நீள்வதே வழக்கம். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பை வைத்துக்கொண்டு எத்தனை முறை மாவட்டத் தலைநகருக்கு அலைவது? இதைக் குறைக்க மூன்று வசதிகள் உள்ளன. பொருள் வாங்கிய ஊரில்தான் வழக்கு என்பதில்லை. நாம் குடியிருக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். புகாரை இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். காணொலி மூலம் விசாரணை கோரியும் விண்ணப்பிக்கலாம். அனுமதிப்பது ஆணையத்தின் முடிவு.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவது நல்லது, செலவில்லை. ஆனால் "அங்கே சொல்லிவிட்டேன்" என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்தில் புகார் தாக்கலாக வேண்டும். உதவி எண்ணில் பேசிய காலம் இதில் கழிக்கப்படாது.

வழக்குச் செலவையும் சேர்த்துக் கேட்க மறக்க வேண்டாம். புகாரின் இறுதியில் உள்ள கோரிக்கைப் பகுதியில் விலை, இழப்பீடு, வழக்குச் செலவு என மூன்றையும் தனித்தனியே எழுதினால், ஆணையம் பொருத்தமான தொகையை வழங்க முடியும்.

கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வராதது வேறு கதை. அது நுகர்வோர் வழக்கு ஆகாது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். 2017-க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. 40,000 ரூபாய்க்கு 1,200 ரூபாய். வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் மனு கொடுத்தால் அந்தக் கட்டணமும் இல்லை. வழக்கு நடக்கும்போது அங்கே சமரசமானால், கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் எதிர்த்தரப்பும் சம்மதிக்க வேண்டும்; சம்மதித்து முடிந்ததை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது.