ஏரியில் மண் அள்ளும் பணம் ஓடைக்கு வருமா?

ரிங்லெட் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஏரிக்கரையில் மண்வாரி இயந்திரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அள்ள அள்ள, மேலிருந்து மண் வந்துகொண்டே இருக்கிறது. "அங்கே என்னப்பா செய்கிறார்கள்?" என்று பிள்ளைகள் கேட்டால், "தூர் வாருகிறார்கள்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு நாம் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். அந்த மண் எங்கிருந்து வந்தது? அதை அள்ளும் செலவு யார் தலையில் விழுகிறது? அந்தப் பணத்தில் ஒரு பங்கு மேலே இருக்கும் ஓடைகளுக்குப் போனால் என்ன ஆகும்? வாசக நேயர்களே, இந்த மூன்று கேள்விகளும் கேமரன் மலையில் வாழும் நம் குடும்பங்களைத் தொடுகிறவை. சற்று நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் ஆறுகளின் கதை. தெலோம், பெர்த்தாம் ஆகிய இரண்டும் இந்த மலையில் பிறந்து, கிழக்கே இறங்கி, ஜெலாய் ஆற்றோடு கலந்து, பகாங் ஆறாகி, பெக்கான் அருகே தென்சீனக் கடலில் விழ வேண்டியவை. இறைவன் போட்ட பாதை அது. மனிதன் போட்ட பாதை வேறு. 1963-இல் முடிந்த கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் தெலோம் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகத் திருப்பிப் பெர்த்தாமில் விட்டார்கள். ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையைக் கட்டி அதைத் தேக்கினார்கள். அங்கிருந்து மறுபடியும் மலையைக் குடைந்து, பேராக் மாநிலத்தில் ஜோர் என்னுமிடத்தில் உள்ள சுல்தான் யூசோப் மின்நிலையத்துக்கு இறக்கினார்கள். ஆக, கிழக்குக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கு இன்று மேற்குப் பக்கம் போகிறது! அந்த ஒரு நிலையத்தின் திறன் மட்டும் 100 மெகாவாட். நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது. அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. நம் வீட்டு விளக்கும் அந்தக் கம்பியில்தானே எரிகிறது?

ஆனால் மீனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மலேசிய மலையாறுகளின் ராஜா என்றால் கெலா மீன்தான். கெண்டை இனத்தைச் சேர்ந்தது. பெரிய செதில், பொன்னிறம். அதன் தம்பி மாதிரி இருப்பது தெங்காஸ். கல்லில் அட்டை போல் ஒட்டிக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் சிறு மீன்களும் உண்டு. தெலோம், பெர்த்தாம், லெமோய் ஆற்றோரங்களில் காலங்காலமாக வாழும் செமாய் மக்களுக்கு ஆற்று மீன்தான் கறியும் சந்தையும். கெலா மீன் மெதுவாக வளரும். முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும். தெளிந்த தண்ணீரும், அடியில் சுத்தமான கூழாங்கல்லும் அதற்கு வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள சந்தில்தான் முட்டை பத்திரமாக இருக்கும். அங்கே சேறு இறங்கினால் முட்டைக்கு மூச்சு முட்டிவிடும். மீனைக் கொல்ல விஷம்தான் வேண்டும் என்பதில்லை. வெறும் செம்மண் போதும்.

சேறு நிறைந்த, கழிவு கலந்த தண்ணீரில் யார் தாக்குப்பிடிப்பார்கள்? நம் பெரியவர்கள் 'ஜப்பான் மீன்' என்று சொல்லும் திலாப்பியா தாக்குப்பிடிக்கும். பூர்வீகம் ஆப்பிரிக்கா, ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்ததால் அந்தப் பெயர். குழம்புக்கு நல்ல மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊர்க்காரன் வெளியேறிய வீட்டில் வெளியூர்க்காரன் குடியேறியது போலத்தான் அது.

சரி, மண் எங்கிருந்து வருகிறது? அணை கட்டுவதற்கு முன்பே, 1950-களில், இந்த ஆறுகளின் நீரை எடுத்து மண்ணை அளந்து பார்த்தார்கள். காடு அதிகம் இருந்த தெலோமைவிட, காடழித்துப் பயிர் வைத்த நிலம் கூடுதலாக இருந்த பெர்த்தாம் ஒரே அளவு நிலத்துக்கு அதிக மண்ணைச் சுமந்து வந்தது. காய்கறி நிலம் அதிகம் இழந்தது. தேயிலை நிலம் அதைவிடக் குறைவாக இழந்தது. காடு மிகமிகக் குறைவு. தேயிலைக்காரர்களாகிய நாம் இங்கே மார்தட்டிக்கொள்ள முடியாது. செடி வளர்ந்து மட்டம் மூடிவிட்டால் மழைத்துளி இலையில் விழும், மண் தப்பும். கவாத்து வெட்டிய கிளையைச் சரிவிலேயே போட்டு வைத்தால் இன்னும் நல்லது. புதிதாக வெட்டித் திறந்த சரிவில் தேயிலை என்றாலும் முட்டைக்கோஸ் என்றாலும் மழைக்கு ஒன்றுதான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு மலையே சாட்சி. சரிவுக்கு மேல் சரிவாகப் பிளாஸ்டிக் கூரைகள். கூரை மீது விழும் மழை மண்ணில் ஊறாமல் அப்படியே வாய்க்காலுக்குப் பாய்கிறது. போகிற வழியில் கரையையும் அரித்துக்கொண்டு போகிறது. அணையின் ஏரி 67 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோடு தொடங்கியது. மண் படிவதற்கென்றே அடியில் 20 லட்சம் கன மீட்டர் ஒதுக்கி, சுமார் 80 வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். அதில் பாதிக் காலம் கடந்தபோதே ஒதுக்கிய இடம் நிரம்பி, அதற்கு மேலும் மண் ஏறிவிட்டது.

ஏரியில் மண் ஏறினால் வெள்ளத்துக்கு இடம் ஏது? 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, கனமழையில் அணை நீரைத் திறந்துவிட வேண்டி வந்தது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வெள்ளத்தில் சிக்கினார்கள். உயிர்கள் போயின, வீடுகள் போயின. மறு வருடம் நவம்பரில் சேற்று வெள்ளம் திரும்பவும் வந்தது. மறுபடியும் உயிர்ச் சேதம். அந்த வீடுகளில் பல ஆற்றோர ஒதுக்கு நிலத்தில் இருந்தன என்று பிறகு பேசினார்கள். இருக்கலாம். ஆற்றங்கரையை ஏழைக்கும் விவசாயிக்கும் விட்டுக்கொடுத்துப் பல வருடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது யார் என்பதையும் சேர்த்துப் பேசியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஏரியைத் தூர் வாருவது தேனாகா நேஷனல் நிறுவனத்தின் வேலை. அந்தக் காலத்தில் 'லெம்பாகா லெத்ரிக்' என்றோமே, அதன் வாரிசு. செலவு கோடிக்கணக்கில் போகிறது. "அது கம்பெனிப் பணம், நமக்கென்ன?" என்று நினைக்காதீர்கள். நாம் கட்டும் மின்கட்டணம் அங்கே போகிறது. அது மட்டுமா? மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடிக்கும் ஊழியர் சேமநிதி அந்த நிறுவனத்தின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. கொழுந்து பறித்த கையின் காசும் அந்த ஏரியில் மண் அள்ளுகிறது என்றால் மிகையல்ல!

இந்தச் செலவில் கோளாறு என்னவென்றால், அது ஆற்றின் வால் பக்கத்தில் நடக்கிறது. நோய் தலைப் பக்கம். மேலே கரையோரம் இருபுறமும் மரமும் மூங்கிலும் நட்டு, சரிவுகளில் மண் தேங்கும் குழிகள் வெட்டி, லயன்கள், கடைகள், ஹோட்டல்களின் கழிவுநீரைச் சுத்தம் செய்து விட்டால் கீழே அள்ள வேண்டிய மண் குறையும். மீனுக்குக் கூழாங்கல்லும் திரும்பக் கிடைக்கும். ஒரே செலவில் இரண்டு வேலை.

அதற்குப் பணம் உண்டா? கொஞ்சம் உண்டு. நம் அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநிலங்களின் சொத்து. காட்டை வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம். வெட்டாமல் வைத்தால் ஒன்றும் இல்லை. இந்தக் கோணலைச் சரிசெய்ய, காட்டையும் உயிரினங்களையும் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு நிதி தரும் திட்டம் 2019-இல் 6 கோடி வெள்ளியுடன் தொடங்கியது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் 20 கோடி, 2025-இல் 25 கோடி என்று உயர்ந்தது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. பங்கு போட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் வழி திறந்திருக்கிறது.

பணம் குறைவாக இருந்தாலும் மீன் திரும்பும் என்பதற்குச் சபாவைப் பாருங்கள். அங்கே கிராமத்தார் தாங்களே கூடி, ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுகிறார்கள். 'தாகால்' என்று அதற்குப் பெயர். 'தடை' என்று பொருள். சிவப்பு என்றால் தொடவே கூடாது. பச்சை என்றால் பிடிக்கலாம். மீன்வளத் துறை துணை நிற்கிறது. மாநிலச் சட்டமும் 2003-இல் இதற்கு இடம் கொடுத்தது. கெலாவின் சொந்தக்காரனான பெலியான் மீன் அந்த ஆறுகளில் இன்று கூட்டம் கூட்டமாக, மனிதர் காலடிக்கே வருகிறது. காவல் காப்பவர்கள் ஊர் மக்களே.

பெரிய பணம் செலவழித்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கிளாமத் என்ற ஆற்றில் நான்கு அணைகள் நூறு வருடமாகச் சால்மன் மீனின் வழியை மறித்து நின்றன. பூர்வகுடி மக்கள் பல வருடம் போராடினார்கள். 2024-இல் நான்கையும் இடித்து முடித்தார்கள். திட்டத்துக்கென ஒதுக்கியது சுமார் 45 கோடி டாலர். அதில் 20 கோடியை மின்சாரம் வாங்குகிறவர்கள் கட்டணத்தோடு கொடுத்தார்கள். மீதி, கலிபோர்னியா மக்கள் வாக்களித்து அனுமதித்த அரசுக் கடன் பத்திரப் பணம். வேலை முடிந்த அதே அக்டோபரில், அணை இருந்த இடத்தைத் தாண்டிச் சால்மன் மேலே போய்விட்டது. நம் அணையை இடிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நமக்கு அந்த மின்சாரம் வேண்டும். ஆற்றிலிருந்து மின்சாரம் எடுத்தவர்களே ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள் என்ற அந்தக் கணக்கைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் பக்கம் நிலைமை முற்றிலும் கைமீறிவிடவில்லை. ஆற்றின் மேல்பகுதிகளில் காடு இன்னும் நிற்கிறது. தெளிந்த சிற்றோடைகள் இன்னும் ஓடுகின்றன. எந்த மடுவில் தெங்காஸ் இருந்தது, எது எந்த வருடம் கலங்கியது என்று செமாய்ப் பெரியவர்களுக்கு அத்துப்படி. பணம் வரும்போது அவர்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிடாமல் ஆலோசனைக்கும் கூப்பிட வேண்டும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, ஓடை ஓடையாக வழி தெரிந்த நம்மவர்களையும் கூப்பிடலாம்.

2019 இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதிதான் நாட்டிலேயே முதன்முறையாக ஓர் ஒராங் அஸ்லியை நாடாளுமன்றத்தின் மக்களவைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் நாம். வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் அக்டோபரில் வாசிக்கப்படுகிறது. அதற்கு முன்பு, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ தொகுதி உறுப்பினர் வரும்போது மாலையோடு ஒரு கேள்வியையும் கொடுங்கள்: பகாங்குக்கு வந்த அந்த நிதியில் தெலோமுக்கும் பெர்த்தாமுக்கும் எத்தனை வெள்ளி வந்தது?