டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு



டிராக்டர் என்றதும் உழவுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அது கலப்பையை இழுப்பதோடு நின்றுவிடுவதில்லை. ரோட்டவேட்டரைச் சுழற்றிச் சேறடிக்கிறது, கதிரடிக்கிறது, வைக்கோலைக் கட்டுகிறது, தண்ணீரும் இறைக்கிறது. இவ்வேலைகளுக்கெல்லாம் விசை எங்கிருந்து வருகிறது?

டிராக்டரின் பின்புறம், இரு பெரிய சக்கரங்களுக்கும் நடுவே, பல் வெட்டிய சிறு தண்டு ஒன்று நீட்டிக் கொண்டிருக்கும். எஞ்சினின் விசையைக் கருவிகளுக்கு வழங்குவது அதுவே. இதனைப் ‘பி.டி.ஓ.’ என்பர். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918ஆம் ஆண்டிலேயே இதனைத் தன் டிராக்டரில் அமைத்தது. பின்னர் நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பொது அளவாயிற்று. ஆகவே ஒரு நிறுவனத்தின் கருவியை மற்றொரு நிறுவனத்தின் டிராக்டரிலும் பூட்ட முடிகிறது.

பழைய அமைப்பில் ஒரு பெருங்குறை இருந்தது. சக்கரங்களுக்கும் தண்டுக்கும் ஒரே கிளட்ச். வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் வைக்கோல் மிகுதியாகப் புகுந்தால் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை மட்டும் ஓடவிட வேண்டும். ஆனால் கிளட்சை மிதித்தால் இரண்டுமே நின்றுவிடும்! இன்னொரு தொல்லையும் உண்டு. மின்விசிறியை அணைத்த பின்னும் அது சிறிது நேரம் சுழல்கிறதல்லவா? அதுபோல, கனமான புல்வெட்டும் கருவி தன் வேகத்தினால் தண்டைத் திருப்பிச் சுழற்றி, கிளட்சை மிதித்த பிறகும் டிராக்டரை முன்னே தள்ளிவிடும். வரப்போரத்தில் இது எத்தனை ஆபத்து!

இக்குறைகளைத் தீர்க்க வந்ததே ‘லைவ் பி.டி.ஓ.’ ‘லைவ்’ என்றால் உயிருள்ளது என்று பொருள். வண்டி நின்றாலும் தண்டின் ஓட்டம் நிற்பதில்லை என்பதால் இப்பெயர். கனடாவில் 1946இல் வெளிவந்த ‘காக்ஷட் 30’ என்னும் டிராக்டர் இவ்வமைப்பைப் பெற்றுப் புகழடைந்தது. சில டிராக்டர்களில் தண்டுக்கெனத் தனிக் கைப்பிடி இருக்கும். வேறு பலவற்றில் இரட்டை கிளட்ச் உண்டு. மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரங்கள் மட்டும் நிற்கும். முழுதும் அழுத்தினால் தண்டுக்குச் செல்லும் விசையும் நின்றுவிடும். இந்தப் ‘பாதி’யைக் காலால் உணர்ந்து பழகுவதே ஓட்டுநரின் திறமை.

தோழியரே, ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. இணைப்புத் தண்டு 3 அங்குலக் குறுக்களவு உடையதானால், ஒரே விநாடியில் ஏறக்குறைய 7 அடித் துணியைச் சுருட்டிவிடும். நமது தாவணியின் நுனியோ, பின்னலோ சிக்கினால் ‘ஐயோ’ என்று கத்தவும் நேரமிராது. வண்டி அசையாமல் நிற்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. தண்டு உயிரோடு சுழன்று கொண்டிருக்கலாம். கதிரடிக்கும் இயந்திரங்களில் பலர் கைகளை இழந்ததனாலேயே நம் நாட்டில் 1983இல் அபாயகர இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டது.

ஆகவே, சுழலும் தண்டை ஒருபோதும் தாண்டாதீர்கள். அதன் மேலுள்ள காப்பு உறையைக் கழற்ற விடாதீர்கள். சிக்கலை எடுக்க வேண்டுமானால், முதலில் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் நின்ற பின்னரே கை வைக்க வேண்டும். வயலுக்குச் சோறு கொண்டு செல்லும் நாம், இதனை நம் தந்தைக்கும் அண்ணனுக்கும் எடுத்துச் சொல்வோம். விசை நமக்கு நல்ல பணியாள். அதனை அறிந்து ஆள்வதே அறிவு.