மூலிகை பீடியும் புகைதான்



தரமணியில் கர்ப்பிணிப் பெண்களுக்குப் பரிசோதனை நடக்கும் நாளில் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் கட்டட வேலை செய்பவர். மனைவிக்கு ஏழாம் மாதம். வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா என்று வழக்கம் போலக் கேட்டேன். அந்த அம்மா பெருமையாகச் சொன்னார்: "இவரு பீடியை விட்டுட்டாரு சார். இப்போ மூலிகை பீடிதான். துளசி, ஓமம், அதிமதுரம் எல்லாம் போட்டது. குழந்தைக்கு ஆகாதுன்னு போன தடவை சொன்னீங்க இல்ல, அதான் மாத்திக்கிட்டாரு."

பிள்ளைக்காகப் பீடியை மாற்றிய அவருடைய எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் எடுத்துக்கொண்ட வழி சரியில்லை. இவர் ஒருவர் மட்டுமல்ல. டைடல் பார்க் பக்கத்து டீக்கடைகளில் நிற்கும் படித்த பிள்ளைகளிலும் சிலர் நாட்டு மருந்துக் கடையில் சரக்கு வாங்கி, தாங்களே இடித்துக் கலந்து, காகிதத்தில் சுருட்டிப் பிடிக்கிறார்கள். "புகையிலைதானே சார் கெடுதல்? மூலிகைக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

மூலிகையில் குற்றமில்லை, நெருப்பில்தான் குற்றம்

துளசி நல்லது. ஓமம் நல்லது. அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டால் தொண்டைக்கு இதம். இவற்றை நாம் கஷாயமாகக் குடிக்கிறோம், மென்று தின்கிறோம். அதே இலையைக் கொளுத்தினால் கிடைப்பது கஷாயம் அல்ல, புகை.

எந்தக் காய்ந்த இலையும் எரியும்போது மூன்று பொருள்கள் உண்டாகின்றன. முதலாவது, கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. இதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்ளும். பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவது, தார் என்கிற பிசின். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் இதில் இருக்கின்றன. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ப் படியும்.

விறகடுப்பின் முன் பல வருஷம் உட்கார்ந்து சமைத்த நம் பாட்டிமார்களுக்கு ஏன் இருமலும் இழுப்பும் வந்தன? அவர்கள் பீடி பிடித்தார்களா? இல்லை. விறகில் புகையிலை இருந்ததா? அதுவும் இல்லை. புகை இருந்தது, அவ்வளவுதான்.

சிலர் கிராம்பு சேர்த்தால் தொண்டை கரகரக்காது என்று சேர்க்கிறார்கள். கிராம்பு எண்ணெய் தொண்டையை மரத்துப்போகச் செய்யும். பல்வலிக்கு வைக்கிறோமே, அந்தக் குணம்தான். தொண்டை மரத்துவிட்டால் எரிச்சல் தெரியாது. ஆகவே புகையை இன்னும் ஆழமாக இழுப்பார்கள்.

பழைய வைத்தியத்தில் புகை இருந்ததே?

இதுவும் நியாயமான கேள்விதான். ஆயுர்வேதத்தில் தூமபானம் என்று மூலிகைப் புகையை இழுக்கும் முறை உண்டு. புகையிலை நம் நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சரக சம்ஹிதை அதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் எந்த வேளையில், எந்த நோய்க்கு, எவ்வளவு என்று அதில் கணக்கு உண்டு. அளவு மீறினால் வரும் கெடுதலும் சொல்லப்பட்டிருக்கிறது. யார் யார் இதைச் செய்யக்கூடாது என்ற பட்டியலும் உண்டு. அதில் கர்ப்பிணியும் ஒருவர். டீக்கடையில் நின்று நாளைக்குப் பத்துப் பதினைந்து பிடிப்பதற்கு அந்த நூலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

நம் சென்னையோடு சம்பந்தப்பட்ட கதை ஒன்றும் உண்டு. ஊமத்தையைப் புகைத்தால் ஆஸ்துமா இழுப்பு தணியும் என்பது இங்கே பழைய வழக்கம. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதைக் கவனித்தார். 1802-ம் ஆண்டில் ஜெனரல் ஜென்ட் என்ற இராணுவ அதிகாரி இங்கிருந்து இந்த வைத்தியத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு ஊமத்தை இனத்து இலைகளை வைத்து 'ஆஸ்துமா சிகரெட்' செய்து மேல்நாட்டு மருந்துக் கடைகளில் நூறு வருஷத்துக்கு மேல் விற்றார்கள்.

அது இன்று எங்கே? வைத்தியத்தை விட்டுப் போய்விட்டது. ஊமத்தையில் மூச்சுக்குழலைத் தளர்த்தும் சத்து இருப்பது உண்மை. ஆனால் அதே சத்து அளவு தப்பினால் விஷம். வாய் வறண்டு, கண்பாவை விரிந்து, நெஞ்சு படபடத்து, புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகும். பிற்காலத்தில் அந்தச் சத்தின் இனத்தைச் சேர்ந்த இப்ராட்ரோபியம் என்ற மருந்தைச் செய்தார்கள். இன்று இன்ஹேலரில் அதை அளவோடு உறிஞ்சுகிறோம். நெருப்பும் இல்லை, தாரும் இல்லை. ஆடாதோடையின் கதையும் இதுதான். அதன் இலையையும் இழுப்புக்காகப் புகைத்தவர்கள் உண்டு. அதிலுள்ள சத்தைப் பின்பற்றிச் செய்த புரோம்ஹெக்சின் இன்று இருமல் மருந்தாக, சிரப்பாக, மாத்திரையாகக் கிடைக்கிறது. மூலிகையின் குணத்தை வைத்துக்கொண்டு புகையைத் தள்ளியதுதான் வைத்தியத்தின் முன்னேற்றம்.

பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் இல்லையே?

நம் நாட்டில் 2003-ம் ஆண்டுச் சட்டம் புகையிலைப் பொருள்களைப் பற்றியது. புகையிலை இல்லாத பாக்கெட்டுக்கு அந்தப் படம் கட்டாயமில்லை. படம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மூலிகை சிகரெட்டும் தாரையும் கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்குகிறது என்று விளம்பரத்திலும் பாக்கெட்டிலும் சொல்லும்படி 2000-ம் ஆண்டில் அமெரிக்க அரசு சில கம்பெனிகளைப் பணித்தது. ஐரோப்பிய நாடுகளும் 2014-ம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கின.

வீட்டில் கலப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காய்ந்து பொடியான இலையில் எது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஊமத்தை கலந்திருந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

குடும்பத்துக்கு என்ன நஷ்டம்?

புகை பிடிப்பவர் விடும் புகையை வீட்டில் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். கர்ப்பிணியின் இரத்தத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தாயின் இரத்தம்தான் பிராணவாயு. அது குறைந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பிறந்த பிறகும், புகை சூழ்ந்த ஒற்றை அறை வீட்டில் வளரும் குழந்தைக்குச் சளி, இருமல், காதுவலி, இழுப்பு அடிக்கடி வரும். புகை துளசியினுடையதா, புகையிலையினுடையதா என்று குழந்தையின் நுரையீரல் பிரித்துப் பார்ப்பதில்லை.

அப்படியானால் ஆசை அடங்க என்ன வழி?

புகையிலையில் மனிதனைப் பிடித்து வைப்பது நிகோடின். மூலிகையில் அது இல்லை. ஆகவே மூலிகை பீடி பிடித்தாலும் உள்ளே அரிப்பு தீராது. "நாலு மூலிகை, நடுவுல ரெண்டு நம்ம பீடி" என்று பலர் இரண்டையும் பிடிப்பது இதனால்தான். கையும் வாயும் பழைய பழக்கத்திலேயே இருக்கின்றன. நெருப்புப் பெட்டியும் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மறுபடி பீடிக்குப் போக ஒரு அடிதான் பாக்கி.

விட நினைப்பவர்கள் செய்ய வேண்டியவை:

1. ஒரு தேதி குறியுங்கள். வீட்டில் சொல்லுங்கள். முதல் நாளே பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

2. ஆசை வரும்போது சில நிமிஷம் தள்ளிப் போடுங்கள். அலை போல எழும்பித் தானே அடங்கும். அதற்குள் தண்ணீர் குடியுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், வேறு வேலையில் கையை வையுங்கள்.

3. மூலிகை வேண்டுமா? வாயில் போடுங்கள். ஒரு கிராம்பு, ஏலக்காய், சோம்பு, அதிமதுரத் துண்டு. நீண்ட நாள் சாப்பிட அதிமதுரம் ஆகாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். பாக்கு, ஹான்ஸ், குட்காவுக்கு மாறவே கூடாது.

4. முதல் வாரம்தான் கஷ்டம். கோபம், தூக்கமின்மை, தலைவலி வரலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் குறைந்துவிடும்.

5. தாங்க முடியாவிட்டால் டாக்டரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் வாங்குங்கள். அதை வெற்றிலை மாதிரி அரைத்து விழுங்கக்கூடாது. சுருசுருப்பு வரும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

6. 1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். மாநிலச் சுகாதார உதவி எண் 104. 1954-ம் ஆண்டு முதல் நடந்துவரும் அடையாறு புற்றுநோய் நிலையம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. புகையிலையை விடுவதற்கு அங்கே ஆலோசனை கிடைக்கும்.

விட்ட ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும். சில மாதங்களில் இருமல் குறையும். ஒரு வருஷத்தில், புகையால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறக்குறையப் பாதியாகும்.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாள் தவறிவிட்டால் "நீங்க எங்க விடப் போறீங்க" என்று குத்திக் காட்டாதீர்கள். பலரும் இரண்டு மூன்று முறை முயன்றுதான் விடுகிறார்கள்.

அந்தக் கட்டடத் தொழிலாளியிடமும் இதையெல்லாம் பேசினேன். அவர் வெகு நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்போ நான் மாத்தினது கடையைத்தானா சார், பழக்கத்தை இல்லையா?" என்றார். நடுவில் ஒரு தடவை வழுக்கினார். மறுபடி தொடங்கினார். குழந்தைக்கு முதல் தடுப்பூசி போட வந்தபோது சட்டைப் பையில் தீப்பெட்டி இல்லை. சோம்புப் பொட்டலம்தான் இருந்தது.

மூலிகையை மெல்லுங்கள், குடியுங்கள். கொளுத்தாதீர்கள்.