ஒகேனக்கல் கரையோரம்: காவிரியைத் தழுவிய மீன்தொட்டி

மீன்தொட்டி அமைப்பில் இரண்டு முறைகள் இயற்கை என்ற பெயரில் வழங்குகின்றன. ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) வளர்த்தெடுத்த முறை, நீர்ச்செடிகளையும் கற்களையும் மரக்கட்டைகளையும் கொண்டு நீருக்கடியில் ஒரு தோட்டத்தை அமைப்பது. தென்னமெரிக்க மீனும் ஆசியச் செடியும் அதில் அருகருகே இருக்கத் தடையில்லை. பயோடோப் எனப்படும் வாழிடத் தொட்டியோ ஓர் ஆற்றின் குறிப்பிட்ட பகுதியில் எந்த மீன், எந்தக் கல், எந்த இலை, எத்தகைய நீர் ஒன்றாகக் காணப்படுகின்றனவோ அவற்றை மட்டுமே ஏற்பது. இம்முறையை விரும்புவோர் பெரும்பாலும் அமேசான் ஆற்றையே மாதிரியாகக் கொள்கின்றனர். தருமபுரி மாவட்டத்தில் வாழும் ஒருவருக்கு அவ்வளவு தொலைவு செல்லத் தேவையே இல்லை. ஒகேனக்கல்லில் காவிரி அதைவிடப் பொருத்தமான மாதிரியைத் தருகிறது.

ஒகேனக்கல்லில் காவிரி ஒரே வகையான வாழிடமாக இல்லை. அருவிகளுக்கு இடைப்பட்ட பாறைகளில் நீர் சீறிப் பாயும் இடத்தில், தாடைக்குக் கீழுள்ள வட்டமான ஒட்டுறுப்பால் கல்லைப் பற்றிக்கொண்டு பாசியை மேயும் கர்ரா இன மீன்கள் வாழ்கின்றன. அருவிக்குக் கீழே பாறைச் சுவர்களுக்கு இடையிலான ஆழ்ந்த மடுக்கள் வாளை, கெளுத்தி போன்ற பெரிய மீன்களுக்கு உரியவை. இவ்விரண்டுக்கும் அப்பால், நீர்மருத மரங்கள் வேர்விட்டு நிற்கும் கரையோரத்தில் வேகம் தணிந்த ஆழமற்ற நீர் இருக்கிறது. மணலும் உருண்டைக் கற்களும் உதிர்ந்த இலைகளும் பரவிய அவ்விடமே சிறு மீன்களின் உறைவிடம். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு அருவியே பெரிதாகப் படும் என்றாலும், வீட்டுத் தொட்டிக்கு உகந்த பகுதி இந்தக் கரையோரம்தான். பாய்ச்சல் நீரை வீட்டில் உண்டாக்கப் பெரிய விசைக்குழாய்கள் வேண்டும். மடுவின் மீன்களோ எந்த வீட்டுத் தொட்டியிலும் அடங்குபவை அல்ல.

மூன்றடி நீளமும் ஒன்றேகாலடி அகலமும் ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 160 லிட்டர் நீர் கொள்ளும். மணலும் கல்லும் சேரும்போது மொத்த எடை 200 கிலோவைத் தாண்டுவதால், அது உறுதியான தாங்கியின் மேல் நிற்க வேண்டும். அடியில் கழுவிய மணலும், அதன்மேல் ஒரே வகைப் பாறையிலிருந்து உடைந்தவை எனத் தோன்றும் வெவ்வேறு அளவுக் கற்களும் போதும். சலவைக்கல், சுண்ணாம்புக்கல் ஆகியவை நீரில் மெல்லக் கரைந்து அதன் கடினத்தன்மையைக் கூட்டுவதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. உலர்ந்த நீர்மருத இலையோ, அதே தாவரப் பேரினத்தைச் சேர்ந்த நாட்டுவாதாம் இலையோ நீரில் ஊறும்போது, டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கசிந்து நீருக்கு இளந்தேநீரின் நிறத்தைத் தரும். இதை அழுக்கென்று கருதி இலையை அகற்றுவோர் உண்டு. உண்மையில் அந்த நிறமே கரையோர நிழலின் அடையாளம், அந்த இலையே நுண்ணுயிர்களுக்கும் சிறு மீன்களுக்கும் உணவின் தொடக்கம். செடிகளில் ஹைட்ரில்லாவும் நாடா போன்று நீண்ட இலைகளுடைய வாலிஸ்னேரியாவும் போதும்.

நீரைப் பொறுத்தவரை தருமபுரிக்கு ஒரு தனி வாய்ப்பு அமைந்துள்ளது. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் பாதித்து வந்ததால், ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டில் செயல்பாட்டுக்கு வந்தது. ஆகவே இத்திட்டக் குழாய் வரும் வீட்டில், தொட்டியை நிரப்பும் நீரும் அது சித்திரிக்கும் ஆற்றின் நீரே. ஆனால் கிருமி நீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும் என்பதால், நீரைத் திறந்த பாத்திரத்தில் காற்றுக்குமிழ் விட்டு ஒரு நாள் வைத்தபின்னரே ஊற்ற வேண்டும்.

நிரப்பிய உடனே மீன் விடுவதுதான் பெரும்பாலான தொட்டிகள் கெடுவதற்குக் காரணம். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை ஊறு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை மணலிலும் வடிகட்டியிலும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பின்னரும் வாரந்தோறும் நீரில் கால் பங்கை மாற்ற வேண்டும். இப்பகுதியின் வெப்பத்துக்குச் சூடேற்றும் கருவி தேவையில்லை. கோடையில் நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதால், காற்றோட்டத்தைக் கூட்டுவதே கவனிக்க வேண்டியது.

நடுநீரில் கூட்டமாக நீந்தும் தெவாரியோ, மணலைச் சலித்து இரை தேடும் அயிரை ஆகியவற்றுடன் அருளியஸ் என்னும் சிறு கெண்டையும் இத்தொட்டிக்குப் பொருந்தும். 1849இல் விலங்கியலாளர் ஜெர்டன் விவரித்த இவ்வினம் காவிரி வடிநிலத்துக்கே உரியது. ஆயினும் வண்ணமீன் வணிகத்தில் இப்பெயரில் விற்கப்பட்டவற்றுள் பல, உண்மையில் தாமிரபரணியைச் சேர்ந்த நெருங்கிய உறவினமாக இருந்துள்ளன. வாழிடத் தொட்டி அமைப்பவர் வாங்கும்போதே இதை ஆராய்வது அவசியம். மஹசீரை ஒருபோதும் நாடக்கூடாது. காவிரி வடிநிலத்தின் திமில் மஹசீர் 2018ஆம் ஆண்டில் மிகக் கடுமையாக அழிவை எதிர்நோக்கும் இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மேலும் அது ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு 2022 நவம்பரில் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; அங்கிருந்து மீனையோ செடியையோ எடுப்பது சட்டப்படி குற்றம். பண்ணையில் பெருகிய மீன்களைக் கொண்டே இத்தொட்டியை அமைக்க இயலும் என்பதால் ஆற்றிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. இதைவிடப் பெரிய தீங்கு எதிர்த்திசையில் நிகழ்கிறது. தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்த மீனை இரக்கத்தால் ஆற்றில் விடுவோர், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை நாட்டின் நீர்நிலைகளெங்கும் பரவி உள்நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை அறிந்திருக்க வேண்டும். "டேங்க் கிளீனர்" என்று கடைகளில் விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தியும் இன்று தமிழக நீர்நிலைகளில் மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கோ வேறொரு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிடலாம். காவிரியில் விடுவதற்கு எந்தக் காரணமும் போதாது.