உடம்பு ஏற ஊசி, தொட்டில் காலி!

ஜிம் வாலிபர்களே, உஷார்!

புதுவை —
"ஊசி போட்டால் போதும், மூணே மாசத்தில் புஜம் புடைக்கும்!" இப்படி யாராவது ஆசை காட்டினால் எந்த வாலிபருக்குத்தான் சபலம் தட்டாது? ஆனால் ஆண் ஹார்மோன் ஊசி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. காரணம் இருக்கிறது.

கிழவர் போட்ட ஊசி

இந்தச் சபலம் பழசு. புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம். 1889 ஜூன் 1. பாரீஸில் விஞ்ஞானிகள் சபையில் 72 வயது பிரவுன்-செக்கார் எழுந்தார். மொரீஷியஸில் பிறந்த பிரபல டாக்டர். நாய், கினிப்பன்றியின் விரையைப் பிழிந்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னார். இழந்த பலம் திரும்பிவிட்டதாம்! ஒரே பரபரப்பு. ஆனால் அந்தச் சாற்றில் பலன் தரும் அளவுக்கு ஹார்மோன் கிடையாது. எல்லாம் மனப்பிரமை!

அசல் சரக்கு 1935ல் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோனை அந்த ஆண்டே ஆய்வுக்கூடத்தில் தயாரித்துவிட்டார்கள். இன்றைய ஊசியில் இருப்பது அதுதான். கிழவர் ஊசியில் சரக்கு இல்லை, இதில் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான்!

முதலாளி போடும் பூட்டு

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதுதான் முதலாளி. அது ஆர்டர் அனுப்பினால்தான் விரை வேலை செய்யும். தினமும் சுமார் 5 முதல் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும், விந்தணுவும் உற்பத்தியாகும்.

வெளியிலிருந்து ஊசி ஏற்றினால்? கடையில் சரக்கு குவிந்து கிடந்தால் எந்த முதலாளி புது ஆர்டர் கொடுப்பார்? பிட்யூட்டரியும் ஆர்டரை நிறுத்திவிடும். விரை சுருங்கும். விந்தணு குறையும். ரத்தத்தில் ஹார்மோன் வழியும், விரைக்குள்ளே பஞ்சம்!

இது கதையல்ல. இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. 7 நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டார்கள். 157 பேருக்கு விந்தணு அடியோடு நின்றது. முடிவு 1990ல் வெளியானது.

அதாவது, ஆண்மைக்கு என்று போடும் ஊசி கருத்தடை ஊசி! தொட்டில் காலியாகக் கிடந்தால் பேச்சு வாங்குவது யார்? பாவம், வீட்டுக்கு வந்த மருமகள்!

இதோடு விட்டதா? முகத்தில் பரு வெடிக்கும். மார்பு பெண்களைப் போல் பருக்கலாம். ரத்தம் கெட்டிப்படலாம். மாத்திரையாக விழுங்கும் சில ரகங்கள் ஈரலையும் கெடுக்கும்.

யாருக்கு மருந்து?

விரையோ பிட்யூட்டரியோ பழுதாகி, ஹார்மோன் நிஜமாகவே குறைந்தவர்களுக்கு இது நல்ல மருந்து. ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள்? வெட்கப்படாமல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. புதுவை ஜிப்மரிலேயே இதற்கான சுரப்பி நோய்ப் பிரிவு இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பி வரும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் இழுக்கும்.

புஜத்தைக் காட்டிப் பெண் பார்க்கப் போகலாம். பிள்ளையைத் தூக்க வேண்டுமே!