புறம்போக்கு யாருடையது?

“அவன் ஒரு புறம்போக்கு!” என்று ஏசுவோர் உண்டு. உதவாதவன் என்பது அவர்கள் கொண்ட பொருள். சட்டம் கொண்ட பொருளோ வேறு!

தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக, ஊரின் பொதுப் பயனுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. மதுரையை அடுத்த பரவையைப் பாருங்கள். பரவை என்ற சொல்லுக்கே பரந்த நீர்ப்பரப்பு என்று பொருள். கண்மாய், வாய்க்கால், வண்டிப்பாதை, மந்தை, மயானம் — பாண்டிச் சீமையின் ஊர்களில் இவை புறம்போக்கு. உழுபவனுக்கு நீரும், மாட்டுக்கு மேய்ச்சலும், மாண்டவனுக்கு ஆறடி மண்ணும் தரும் நிலம் இது! இதுவா உதவாதது?

வெள்ளையர் ஆட்சி 1905-இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இயற்றியது. தனியாருக்கு உரிமையில்லாத நிலமும் நீரும் சர்க்கார் சொத்து என்றது. ஊருடையது சர்க்காருடையதாயிற்று; சர்க்காருடையதைக் கேட்பாரில்லை என்று வலுத்தவன் வளைத்தான்.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். ‘ஆட்சேபணையற்ற புறம்போக்கு’ என்று ஏட்டில் இருந்தால், குடிசை போட்ட ஏழை பட்டா பெற வழியுண்டு. ‘ஆட்சேபணையுள்ள’ என்றிருந்தால், வெளியேறச் சொல்லி நோட்டீஸ்! ஒரு சொல்லில் தொங்குகிறது ஒரு குடும்பத்தின் கூரை.

நீர்நிலைகளைக் காக்க 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்கும்படி 2011-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. நெடுநாள் அனுபவம், பெருஞ்செலவில் எழுப்பிய கட்டடம், அரசியல் செல்வாக்கு — இவை எதுவும் சாக்காகாது என்றது. நன்று! ஆனால், குடிசையிடம் காட்டும் வேகத்தை மாளிகையிடமும் காட்ட வேண்டாமா? ஏழையை அகற்றுமுன் மாற்றிடம் தர வேண்டாமா?

புறம்போக்கு யாருக்கும் இல்லாதது அல்ல, எல்லோருக்கும் உரியது. அந்தப் பொருளை மறந்த ஊர் கண்மாயை இழக்கும்!