பதின்மூன்றரை சென்ட்டுக்குள் ஒரு மலை

இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். வரிசைச் செயற்கைக்கோள்களில் உள்ள லிஸ்-3 கேமரா எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள சதுரம். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய பதின்மூன்றரை சென்ட். நெல்லும் கரும்பும் விரிந்து கிடக்கும் சமவெளியில் அது சிறிய அளவுதான். கொல்லிமலையில் அப்படியில்லை. அங்கே பதின்மூன்றரை சென்ட்டுக்குள் நாலு பலா, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அவற்றின் நிழலில் காப்பி, ஓரத்தில் வாழை, ஒரு மூலையில் சாமை எல்லாம் இருக்கலாம். கேமரா அத்தனையையும் சேர்த்து ஒவ்வோர் ஒளிப்பட்டைக்கும் ஒரே ஓர் எண்ணைத்தான் பதிகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு தரையில் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். இந்த மலையை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர் முன்னால் இருக்கும் வேலை அது. அதற்கு அவர் கையில் உள்ள கருவி புவியியல் தகவல் அமைப்பு, எல்லோரும் சொல்கிறபடி ஜி.ஐ.எஸ்.

கணினியில் வரைபடம் போடுவதுதான் ஜி.ஐ.எஸ். என்று நினைப்பவர்கள் உண்டு. படம் போடுவது அதன் கடைசி வேலை. முதல் வேலை, ஒவ்வொரு தகவலையும் அது பூமியில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்ற முகவரியோடு சேமிப்பது. சரிவு ஒரு லேயர், மண் ஒரு லேயர், ஓடை, சாலை, பயிர், ஊராட்சி எல்லை தனித்தனி லேயர்கள். இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி உட்கார்ந்த பிறகு கேள்விகளைத் தொடங்கலாம். முப்பது டிகிரிக்கு மேல் சரிந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு எங்கெல்லாம் இருக்கிறது? ஓடைக் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் எத்தனை ஏக்கர் காடு மிஞ்சியிருக்கிறது? 1960களில் கனடா அரசின் நிலவளக் கணக்கெடுப்புக்காக ரோஜர் டாம்லின்சன் இதைக் கணினியில் செய்து காட்டியதற்குக் காரணமும் இத்தகைய கேள்விகள்தான். அவ்வளவு பெரிய நாட்டின் வரைபடங்களைக் கையால் ஒப்பிட்டு முடிக்க முடியாது.

ஒரு காலத்தில் இதற்கான மென்பொருளும் படங்களும் பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாயின. 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஸ் என்ற இலவச மென்பொருள் அந்தச் சுவரை உடைத்தது. 1972 முதல் சேர்ந்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்கா 2008-இல் இலவசமாகத் திறந்துவிட்டது. 2015-இல் பறக்கத் தொடங்கிய ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களுக்கும் விலை இல்லை. அதன் கூர்மையான பட்டைகளில் ஒரு புள்ளி 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். இன்று ஒரு கலைக்கல்லூரி மாணவருக்கு ஒரு லேப்டாப்பும் இணையமும் போதும்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டரில் பரந்திருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டு. மேலே 1,000 மீட்டரைத் தாண்டிய மேட்டுநிலம், சுற்றிலும் செங்குத்துச் சரிவு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். ஒரு மாணவர் முழுதாக நடந்து பார்க்கக்கூடிய அளவு, ஆனால் அதற்குள் காடு, வயல், அருவி, கனிமம், பழங்குடி வாழ்க்கை எல்லாம் அடங்கியிருக்கின்றன.

முதல் இடறல் மலையில் இல்லை, மென்பொருள் அமைப்பிலேயே இருக்கிறது. உலகத்தை ஆறு ஆறு பாகை அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் 78-ஆம் பாகைக் கோடு தமிழ்நாட்டுக்குள் புகுந்து போகிறது. கோயம்புத்தூர் 43-ஆம் பட்டை, கொல்லிமலை 44. பழைய நிலவரைபடத் தாள் (டோபோ ஷீட்) எவரெஸ்ட் என்ற கோளவுருவை அடிப்படையாகக் கொண்டது. கைபேசியின் ஜிபிஎஸ் டபிள்யுஜிஎஸ்-84 முறையில் பேசுகிறது. ஒன்றை மற்றதன் முறைக்கு மாற்றாமல் சேர்த்தால் ஓடை நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து அடுத்தவர் தோட்டத்தில் ஓடும்.

உயரத் தகவலுக்குப் பெரும்பாலோர் நாடுவது 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடார் கொண்டு அளந்த எஸ்ஆர்டிஎம் தரவை. முப்பது மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம். பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டால் சரிவு கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்து நீரும் எந்தப் பக்கம் வழியும் என்று கணக்கிட்டால் ஓடைகளும் நீர்ப்பிடிப்பும் தாமாகவே வரையப்படும். இம்மலையின் ஐயாற்றுப் பாதையை இப்படித் திரையில் காண்பது மகிழ்ச்சியான அனுபவம். ஆனால் ஆகாய கங்கை அருவி அங்கே நேராக விழாது, சறுக்குப் பலகை மாதிரி சாய்ந்து இறங்கும். முப்பது மீட்டர் கட்டம் செங்குத்துப் பாறையை மழுங்கடித்துவிடுகிறது. அடர்ந்த காட்டில் ரேடார் அளந்திருப்பதும் தரையை அல்ல, மரங்களின் உச்சியை ஒட்டிய உயரத்தை.

காட்டைக் கணக்கெடுப்பது இன்னும் நுணுக்கமான வேலை. திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தைச் சேர்ந்த ஜெயகுமார், ஆரோக்கியசாமி, ஜான் பிரிட்டோ ஆகியோர் 2002-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் கொல்லிமலைக் காடுகளைத் தொலையுணர்வும் ஜி.ஐ.எஸ்.ஸும் கொண்டு ஆராய்ந்து எழுதினார்கள். செடிகளை உலர்த்திப் பெயரிட்டுக் காக்கும் இடத்திலிருந்து அந்த ஆய்வு வந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மரத்தைப் பேர் சொல்லத் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்தால் பார்வையே வேறு.

படம் ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. இந்தச் செயற்கைக்கோள்கள் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கின்றன. வெயில் கிழக்கிலிருந்து விழும் நேரம். மேற்குச் சரிவுகள் நிழலில் இருக்கும். கணினி அந்தக் கருமையை அடர்காடு என்றோ, சில சமயம் நீர் என்றோ எடுத்துக்கொள்ளும். காப்பித் தோட்டத்தின் மேல் நிழல் மரங்கள் கவிந்திருப்பதால் மேலிருந்து அது காடாகவே தெரியும். காடு அழியவில்லை என்று அறிக்கை சொல்லும். கீழே இருப்பது தோட்டமாக இருக்கும்.

சாமையின் கதை இன்னும் சிக்கலானது. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி (சேகோ) ஆலைகளின் தேவையால் குச்சிக்கிழங்கு மலையேறி, சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களைக் காக்க இங்கே நீண்ட காலமாக உழைத்துவருகிறது. எவ்வளவு நிலம் மாறியது என்று படங்களில் அளக்கலாமே? குச்சிக்கிழங்கு எட்டுப் பத்து மாதம் நிலத்தில் நிற்கும், கோடையில் தெளிவான வானத்தின் கீழ் படத்தில் விழும். சாமை மழைக்காலப் பயிர். அது பச்சையாக நிற்கும் மாதங்களில் மலை முழுவதும் மேகம். தெளிவான படம் தேடி எடுக்கும் மாணவர் அறுவடை முடிந்த வெறும் நிலத்தையே பார்த்து, அதைத் தரிசு என்று குறித்துவிடக்கூடும். இதனால் சாமைக்கு நேரும் அநியாயம் சிறியதல்ல. மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்கள் 2014 முதல் கிடைக்கின்றன; அவற்றைப் படிக்கப் பழக வேண்டும்.

அதனால்தான் கைபேசி ஜிபிஎஸ்ஸோடு வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் போன ஆவணியில் என்ன நின்றது என்று செயற்கைக்கோளைவிட உழுதவர் தெளிவாகச் சொல்வார். அப்படிச் சரிபார்த்த புள்ளிகளைக் கணினியின் முடிவோடு ஒப்பிட்டு, எதை எதுவாகத் தவறாக எண்ணியது என்று ஓர் அட்டவணை போடுவார்கள். ஆய்வேட்டின் மிக நேர்மையான பக்கம் அது. பின்னிணைப்பில் தள்ளாமல் நடுவே வைக்க வேண்டும்.

நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடம் மாணவர்களுக்குப் பிடித்தமான தலைப்பு. பாறை, பிளவு, சரிவு, மண் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது முறை. அழகான வண்ணங்கள் வரும். இம்மலையின் சார்னோகைட் பாறைக்குள் நீர் நிற்க இடமில்லை, பிளவிலும் சிதைந்த மேலடுக்கிலும்தான் அது இருக்கிறது. கிணறுகளின் மட்டத்தோடு ஒப்பிடாத வரை அந்த மதிப்பெண்கள் போட்டவரின் ஊகமே.

கோயில் காடுகளைக் குறிப்பதிலும் யோசனை வேண்டும். சில காடுகள் மிகச் சிறியவை, ஓரிரு புள்ளிகளில் கரைந்துவிடும்; நடந்துதான் குறிக்க முடியும். குறித்தபின், அரிய மூலிகை நிற்கும் இடத்தின் துல்லியமான ஆயத்தொலைகளை எல்லோருக்கும் திறந்துவைத்தால், பறித்துப் போக வருகிறவருக்கு வழிகாட்டியது ஆகிவிடும். மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாகக் காத்த இடங்கள் அவை. எதை வெளியிடலாம் என்று அவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வெளியிடத் தக்கதை ஆங்கில ஆய்வேட்டில் மட்டும் அடைத்துவிடாமல், வாழவந்திநாடு, அரியூர்நாடு என்று 14 ஊராட்சிகளின் பெயரோடும் ஓடைப் பெயர்களோடும் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களுக்குக் கொடுக்கலாம். கியூஜிஸில் தமிழ் எழுத்து தடையின்றி வருகிறது. பிழையாகக் குறித்த ஓடையை அங்கே யாராவது ஒருவர் உடனே சுட்டிக்காட்டுவார், அடுத்த ஆண்டு வரும் மாணவர் அந்தத் திருத்தத்திலிருந்து வேலையைத் தொடங்கலாம்.